எவரும் படிக்காத நாவல்

ஆண்டு விடுமுறையில் ஊர் திரும்பியிருந்த செவிலியர் ஒருவர், ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்தபின், பங்கு இல்லத்துத் திண்ணையில் நம்மைக் காண வந்தார். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் இரவுப்பணி பார்ப்பவர். அந்நாட்டுக் குளிர், சம்பளம், தங்கையின் திருமணம் என்று பேச்சு சுற்றி வந்தது. எழுந்திருக்கும் வேளையில், தயங்கியவாறு, "சாமி, போன நவம்பரில் நான் ஒரு நாவல் எழுதினேன். முப்பதே நாளில் முடித்தேன்" என்றார். எப்போது அச்சாகும் என்று மகிழ்ச்சியோடு கேட்டோம். "அது அச்சாகாது சாமி. யாரும் படிக்கப் போவதில்லை. படிக்கும்படியாகவும் இல்லை. ஆனால் அந்த ஒரு மாதம் நான் வேறு ஆளாக இருந்தேன். மதியம் உறங்கி எழுந்ததும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து ஜெபமாலை சொல்வது வழக்கம். இங்கே அப்போது இரவு எட்டு மணி. அந்த மாதம் முழுவதும் ஏதேதோ காரணம் சொல்லி அதை விட்டுவிட்டேன். யாருக்கும் பயன்படாத ஒன்றுக்காக அம்மாவின் நேரத்தை எடுத்துக்கொண்டது பாவமா சாமி?"

இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்கப்பட்ட கேள்வி அன்று, திண்ணையில் கேட்கப்பட்டது. இதைக் குறித்து எழுதலாமா என்று கேட்டபோது அவரே இசைவும் தந்தார். அன்று நாம் சொன்ன பதில், "பெரிதாக ஒன்றுமில்லை, அம்மாவிடம் பேசிவிடு" என்பதுதான். அடுத்த ஞானஸ்நானத்துக்குக் குடும்பத்தார் காத்திருந்தனர். அந்தப் பதில் எவ்வளவு மேலோட்டமானது என்பது, பின்பு நாமே ஒரு நவம்பரில் பேனாவை எடுத்தபோதுதான் விளங்கிற்று.

முப்பது நாளில் ஒரு நாவல் என்னும் இந்த அறைகூவல் 1999 ஜூலையில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தோன்றியது. கிறிஸ் பேட்டி என்னும் இளைஞரும் அவர் நண்பர்களுமாக 21 பேர் விளையாட்டைப் போலத் தொடங்கினர். மறு ஆண்டு அதனை நவம்பருக்கு மாற்றிக்கொண்டனர். விதி எளியது: நவம்பர் முதல் நாள் தொடங்கி முப்பதாம் நாள் நள்ளிரவுக்குள் 50,000 சொற்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667. நடுவர் இல்லை, பரிசு இல்லை, எழுதியது நன்றா தீதா என்று பார்ப்பார் இல்லை. பின்னர் அது ஓர் அமைப்பாக வளர்ந்து, பல நாடுகளில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் இதில் இறங்கினர். சாரா குரூயென், எரின் மார்கன்ஸ்டர்ன் போன்றோரின் புகழ்பெற்ற நாவல்கள் இவ்வாறு பிறந்த கைப்பிரதிகளிலிருந்து உருவானவை. ஆயினும் அவை விதிவிலக்குகள். எழுதியோரில் மிகப் பெரும்பாலோரின் பக்கங்கள் மேசை இழுப்பறையைத் தாண்டியதில்லை.

ஆகவே கேள்வி கூர்மையாகிறது. உலகுக்கு ஒரு பயனும் தராத உழைப்பு, உழைத்தவருக்கேனும் பயன் தருமா? தருமெனில், அந்தப் பயனை நாடுவது நற்பண்பா, தன்னலமா? வயலில் விளைந்தது களத்துக்கு வரவேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். நெல்லாகாத பயிரைப் பதர் என்போம். கனி தராத அத்திமரத்தின் உவமையையும் கேட்டே வளர்ந்தோம்.

குருத்துவக் கல்லூரியில் புனித தோமா அக்குவினாஸ் வகுத்துக் காட்டும் ஒரு வேறுபாட்டை மனப்பாடமாகப் படித்தோம். அப்போது அதன் பொருள் நமக்கு எட்டவில்லை. ஆக்குதல் வேறு, செயல்படுதல் வேறு என்பார் அவர். ஆக்குதலின் நிறைவு ஆக்கப்பட்ட பொருளில் இருக்கிறது. தச்சர் நல்லவரா என்று நாற்காலி கேட்பதில்லை. நாற்காலி ஆடாமல் நின்றால் போதும். செயல்படுதலின் நிறைவோ செயல்படுபவரிடமே தங்குகிறது. பொறுமையோடு நோயாளியைப் பேணியவர், அந்நோயாளி இறந்துபோனாலும் பொறுமையுள்ளவராகிறார். இந்த அளவுகோலின்படி, மோசமான நாவல் ஆக்கம் என்ற வகையில் தோல்வி, ஐயமில்லை. ஆனால் முப்பது நாள் அதை எழுதிய செயல் தோல்வி என்று அதனாலேயே ஆகிவிடாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உழைப்பைக் குறித்து 1981ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலிலும் இதற்கு நெருங்கிய கருத்து உண்டு. உழைப்பின் மதிப்பை அதனால் விளையும் பொருளைக் கொண்டு மட்டும் அளத்தல் கூடாது, உழைப்பவர் ஒரு மனிதர் என்பதே அதன் முதல் மதிப்பு என்று அவர் விளக்கினார். தொழிலாளியைப் பற்றிச் சொல்லப்பட்டது, இரவுப்பணி முடிந்து உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு எழுதும் செவிலியருக்குப் பொருந்தாமற் போகுமா?

கொள்கையளவில் இது சரி. நடைமுறை எப்படி என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும், அந்தச் செவிலியருக்கு அரைகுறைப் பதில் சொல்லி அனுப்பிய உறுத்தலும் சேர்ந்துதான் நம்மை எழுத வைத்தன. நவம்பர் நமக்கு ஆன்மாக்களின் மாதம். கல்லறைத் திருநாளன்று மாலை மெழுகுதிரிகள் எரிந்து அடங்கி, மக்கள் வீடு திரும்பியபின், அறைக்கு வந்து, பங்குப் பேரவைக் கணக்குக்காக வாங்கி வைத்திருந்த நீளக் குறிப்பேடு ஒன்றைத் திறந்தோம். இரண்டு நாள் தாமதமான தொடக்கம்.

தமிழில் சொற்கணக்கு வேறு மாதிரி. ஆங்கிலம் ஐந்தாறு சொற்களில் சொல்வதை நம் மொழி ஒரே சொல்லில் அடக்கிவிடும். 'வந்துகொண்டிருந்தவர்களோடு' என்பது எண்ணும்போது ஒன்றுதான். ஆதலால் நாளொன்றுக்கு 1,000 சொற்கள் என்று நமக்கு நாமே ஓர் ஒப்புரவு செய்துகொண்டோம். இதில் சற்றுச் சலுகையும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

முதல் மூன்று நாள் உற்சாகம். நான்காம் நாளே பேனா கனத்தது. எழுதிய வாக்கியத்தை அடித்தோம். அடித்ததைத் திரும்ப எழுதினோம். ஒரு மணி நேரத்தில் நாற்பது சொற்கள் தேறின. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மறையுரை ஆற்றுகிறவர் நாம், சொல்லுக்குப் பஞ்சமா? பஞ்சம் சொல்லில் இல்லை. மோசமான ஒரு வாக்கியம் நம் கையெழுத்தில் தாளின்மேல் கிடப்பதைப் பொறுக்க முடியவில்லை. எவரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் பொறுக்க முடியவில்லை. அப்படியானால் யாருக்காக அந்த அலங்காரம்? அறையில் நம்மைத் தவிர ஒருவரும் இல்லை. நம் செருக்குக்கு வேறு பார்வையாளர் தேவையே இல்லை என்பதை அன்று கண்டுகொண்டோம். மறையுரையைத் திரும்பத் திரும்பத் திருத்துவது மக்கள் மீதுள்ள மதிப்பினால் என்று இத்தனை ஆண்டுகளாய் எண்ணியிருந்தோம். ஒரு பங்கு அதுவும் இருக்கலாம்.

நாள் கணக்கு இங்கேதான் கைகொடுத்தது. ஆயிரம் ஆகவேண்டும், ஆகவே குறையுள்ள வாக்கியத்தைக் குறையோடு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். பாலைநிலத்தில் மன்னாவைப் பொறுக்கிய மக்களுக்கு அன்றன்றைக்கு உரிய அளவு மட்டுமே உதவியது. மறுநாளைக்கென்று எடுத்து வைத்தது புழுத்துப் போயிற்று. எழுத்தும் அப்படியே. நேற்று 1,500 எழுதிவிட்டோம் என்று இன்று ஓய்ந்தால், நாளை பேனாவைத் தொடவே மனம் வராது. ஆந்தனி டிரலோப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் அஞ்சல் துறையில் அலுவல் பார்த்துக்கொண்டே விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதினார். 47 நாவல்களை முடித்தார். அவர் இறந்தபின் 1883இல் வெளியான தன்வரலாற்றில் இதை வெளிப்படையாகச் சொல்லியிருந்ததால், இவர் கலைஞரா கணக்கப்பிள்ளையா என்று பலர் முகம் சுளித்தனர். நமக்கு அவர்மீது மதிப்பே கூடுகிறது. தினமும் குறித்த வேளையில் கட்டளைச் செபம் சொல்லும் குருக்களுக்கும் துறவியருக்கும் கடிகாரத்தின் அருமை தெரியும். மனம் ஒன்றும்போது மட்டும் செபிக்கலாம் என்றால் நம்மில் பலர் ஆண்டுக்கு இருமுறையே செபிப்போம்.

எட்டாம் நாள் வேறொன்று வந்தது. களைப்பு அன்று, வெறுமை. சன்னலை எட்டிப் பார்த்தோம். யாராவது நோயில்பூசுதலுக்கு அழைக்க வரமாட்டார்களா என்றுகூட மனம் ஏங்கியது. இறைவன் மன்னிப்பாராக! நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், நண்பகல் வேளையில் துறவியைத் தாக்கும் ஒரு தீய எண்ணத்தை நுணுக்கமாக விவரித்திருக்கிறார். பகலவன் நகரவே இல்லை என்று தோன்றும். சன்னல் பக்கமே கண் போகும். இந்த அறையும் இந்த வேலையும் வேண்டாம், வேறெங்காவது போனால் சிறப்பாகச் செய்யலாம் என்று அது கிசுகிசுக்கும். இதை நாம் தேர்வுக்காகப் படித்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் பங்குப்பணியின் ஓயாத ஓட்டத்தில் அந்தப் பகைவனை நேருக்கு நேர் சந்திக்க வாய்ப்பே அமைந்ததில்லை. ஓடுகிறவனை அது துரத்துவதில்லை. உட்காருகிறவனைத்தான் தேடி வருகிறது.

புனித இஞ்ஞாசியார் இதற்கு மருந்து சொல்லியிருக்கிறார். அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளும் முப்பது நாள் அளவினவே என்பதை வாசகர் அறிவர். வறட்சி மேலிடும்போது தியான நேரத்தைக் குறைக்கும் சோதனை எழும்; அப்போது குறித்த ஒரு மணிக்கு மேலும் சற்று நேரம் இருந்துவிட்டே எழவேண்டும் என்பது அவருடைய நெறிகளுள் ஒன்று. இருளில் இருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது மற்றொன்று. நாவல் எழுதுவதும் தியானமும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் இயேசு சபைத் தந்தையர் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். ஆயினும் நற்செய்திக் காட்சியினுள் புகுந்து, அங்குள்ளோரைக் கண்டு, அவர்கள் பேசுவதைக் கேட்கக் கற்பித்தவர் அவர்தாம். படுக்கையில் காயமுற்றுக் கிடந்தபோது வீரர் கதைகளைக் கேட்டு, அவை கிடைக்காமல், கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் வாசித்து மனம் மாறியவர். கற்பனையை அவர் விலக்கவில்லை, திசை திருப்பினார்.

ஒன்பதாம் நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் இக்கட்டுரையே.

நம் கதை இரண்டு உடன்பிறந்தாரைப் பற்றியது. தம்பி ஆசிரியர், அண்ணன் உழவர். தந்தை இறந்தபின் கிணற்றடி நிலத்தை அண்ணன் தம் பெயருக்கே பதிந்துகொள்கிறார். நாம் போட்ட திட்டத்தில் அண்ணன்தான் கொடியவர். வாசகர் ஊகித்திருப்பர்: இது நம் வீட்டுக் கதை. நம் தமையனார் அவ்வாறு செய்தார். நம்மை ஒரு சொல் கேட்கவில்லை. "சாமியாருக்கு எதற்கு நிலம்?" என்று அவர் வேறொருவரிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது. நிலம் நமக்கு வேண்டியதில்லைதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். கேட்கவில்லை என்பதே முள்ளாயிற்று. பதினோர் ஆண்டுகள் நன்மை தீமைக்கு மட்டும் போய்வந்தோம். குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அவர் நம்மை 'சாமி' என்றும் 'நீங்கள்' என்றுமே அழைப்பார். ஊரில் அதுதான் முறை. அந்த மரியாதைச் சொல் எங்கள் இருவருக்கும் நல்ல மதிலாகப் பயன்பட்டது.

ஒன்பதாம் நாள், தம்பி அண்ணனைக் கேட்கும் காட்சி. தம்பியின் பேச்சு நானூறு சொற்களில் அழகாக அமைந்துவிட்டது. ஆண்டாண்டாய் ஒத்திகை பார்த்த பேச்சு அல்லவா? அடுத்து அண்ணன் மறுமொழி சொல்லவேண்டும். பேனா நின்றது. அவரைத் தலைகுனிய வைத்துக் காட்சியை முடித்திருக்கலாம். ஆனால் இன்னும் 600 சொற்கள் பாக்கி. தலைகுனிந்த மனிதரைக் கொண்டு அறுநூறு சொற்களை நிரப்ப முடியாது. வேறு வழியில்லாமல் அவரைப் பேசவிட்டோம். கதையில் வரும் அண்ணன் தம்பியைத் 'தம்பி' என்றுதானே அழைக்கவேண்டும்? "தம்பி" என்று எழுதினோம். "நீ" என்று எழுதினோம். அதன்பின் அவர் நிறுத்தவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டது. வாழைத் தோட்டத்துக்கு மின்சாரம் நள்ளிரவில்தான் வரும் என்பதால் ஒரு மணிக்கு எழுந்து, டார்ச் விளக்கோடு, பாம்புக்குப் பயந்து பயந்து மோட்டார் போடப் போனது. தம்பியின் விடுதிக் கட்டணத்துக்காக மணியார்டர் படிவம் எழுதத் தெரியாமல் அஞ்சலகத்தில் யாரிடமோ கெஞ்சியது. தம்பி விடுமுறைக்கு வரும்போது அம்மா எடுத்து வைக்கும் மீன் துண்டு. இவை எல்லாம் நாம் அறியாத செய்திகள் அல்ல. ஒவ்வொன்றையும் அறிவோம். எனினும் அவருடைய பக்கத்தில் நின்று, வரிசையாக, ஒருமுறையும் சொல்லிப் பார்த்ததில்லை. அன்று 1,400 சொற்கள் எழுதினோம். மணி ஒன்று. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரம்.

தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் நேரே குற்றம் சாட்டவில்லை. ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னார். அரசர் வெகுண்டு தீர்ப்புச் சொன்னார். அது தமக்கே தீர்ப்பாயிற்று. இதை எத்தனையோ முறை பீடத்தில் விளக்கியிருக்கிறோம். தாவீதுக்குக் கதை சொல்ல ஒரு நாத்தான் வேண்டியிருந்தார். கதை எழுதுகிறவனோ ஒரே இருக்கையில் இருவராகவும் அமர்கிறான். கற்பனை மாந்தர் ஒவ்வொருவருக்கும் அவரவர் நியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கதை நகராது. திருத்தந்தை பிரான்சிஸ், இறைவனடி சேர்வதற்கு முந்தைய ஆண்டாகிய 2024இல், இலக்கிய வாசிப்பைக் குறித்துக் குருக்களுக்கும் கிறிஸ்தவர் அனைவருக்கும் ஒரு மடல் எழுதினார். இளமையில் அவர் இலக்கியம் கற்பித்த ஆசிரியர். பிறரது கண்களால் உலகைக் காணவும் பிறரது குரலைக் கேட்கவும் இலக்கியம் நம்மைப் பழக்குகிறது என்பது அதன் சாரம். வாசிப்புக்கு அவர் சொன்னது எழுத்துக்கு இருமடங்கு பொருந்தும் என்று நம் சிற்றனுபவம் சொல்கிறது. வாசிக்கும்போது பிடிக்காத பக்கத்தைப் புரட்டிவிடலாம். எழுதும்போது அந்தப் பக்கத்தை நாமே நிரப்பவேண்டும்.

இனி மறுபக்கம். நாவல் எழுதினால் மனம் திருந்திவிடும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். முப்பது நாள் நாவலுக்கு வரலாற்றில் ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1866இல் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி, கடன் தொல்லையால், நவம்பர் முதல் நாளுக்குள் ஒரு நாவல் தராவிட்டால் ஒன்பது ஆண்டுகளுக்குத் தம் படைப்புகளின் உரிமையை இழக்கும் ஒப்பந்தத்தில் சிக்கியிருந்தார். அன்னா என்னும் இருபது வயதுச் சுருக்கெழுத்தாளரை அமர்த்தி, அக்டோபரில் 26 நாளில் சொல்லி முடித்தார். பதிப்பாளர் வேண்டுமென்றே கண்ணில் படாதிருக்க, காவல் நிலையத்தில் கைப்பிரதியை ஒப்படைத்து இரசீது பெற்றுக்கொண்டார் என்பர். அந்நாவலின் பெயர் 'சூதாடி'. சூதாட்டப் பித்தின் உள்ளும் புறமும் அதில் உண்டு. எழுதியவரோ அதற்குப் பின்பும் 1871 வரை சூதாடினார். மணந்துகொண்ட அன்னாவின் நகைகளையும் அடகு வைத்தார். தன் நோயை அத்துணைத் தெளிவாகக் கண்டவருக்கே அந்தத் தெளிவு போதவில்லை. அறிவது ஒரு படி. எழுந்து தந்தையிடம் போவது வேறொரு படி. ஊதாரி மைந்தனும் பன்றிகளிடையே அமர்ந்து எண்ணியதோடு நின்றிருந்தால் உவமை அங்கேயே முடிந்திருக்கும்.

செவிலியரின் கதைக்கும் இது பொருந்துகிறது. அன்று நாம் கேட்கத் தவறிய ஒன்றைப் பின்பு தொலைபேசியில் கேட்டோம்: அந்த நாவல் எதைப் பற்றியது? சற்று நேரம் பதில் வரவில்லை. "ஒரு கிழவி சாமி. வெளிநாட்டில் இருக்கும் மகள் எப்போது கூப்பிடுவாள் என்று தொலைபேசி அருகிலேயே உட்கார்ந்திருக்கிறாள்" என்றார். அந்தக் கிழவியை எழுதுவதற்காகத்தான் அவர் தம் அன்னையை அழைக்காமல் இருந்தார். இதைக் கேட்டு நமக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நாமும் அண்ணனின் நியாயத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அவருக்கு ஓர் அழைப்புக்கூடச் செய்யாமல் மறுநாள் 1,000 சொற்களுக்குத் தயாரானவர்தாமே.

ஆகவே அவர் கேள்விக்கு இப்போது இப்படிச் சொல்வோம். உறக்கத்தையும் ஓய்வையும் அவர் குறைத்துக்கொண்டது அவருடையதைத்தான், அதில் பாவமில்லை. எவரும் படிக்கவில்லை என்பதாலும் அது வீணாகவில்லை. ஆனால் அந்த இரவு எட்டு மணி அவருக்கு மட்டும் உரியதன்று. அதில் பாதி அம்மாவினுடையது. கேட்காமல் எடுத்தது பிழை. "அம்மா, ஒரு மாதம் கதை எழுதுகிறேன், ஐந்து பத்து மணிகளுக்குப் பதில் ஒரே ஒரு பத்து மணி சொல்வோம்" என்று கேட்டிருந்தால், எந்தத் தாய் மறுத்திருப்பார்? கேட்காமல் எடுப்பது எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டு. கேட்காமல் எடுப்பவருக்கும் ஒரு நியாயம் இருக்கக்கூடும் என்பதை ஒன்பதாம் நாளுக்குப் பிறகு மறுக்கவும் முடியவில்லை.

மனையும் மக்களும் உடையோர் இதில் இறங்கும் முன் கோபுரம் கட்டப் புகுந்தவனின் உவமையை நினைவிற் கொள்வது நலம். செலவைக் கணக்கிட்டே தொடங்கவேண்டும். ஆயினும் பொறுப்புகள் இருப்பதே எழுதாமைக்குக் காரணமாகாது. 1879இல் வெளிவந்து தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம்மைப்போல் ஒரு கத்தோலிக்கர். மாவட்ட முன்சீப்பாக வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதிய இல்லறத்தார். நம் பங்குகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்றும் உண்டு. 2024ஆம் ஆண்டு, இந்த அறைகூவலை நடத்திய அமைப்பு, எழுதுவதற்குச் செயற்கை நுண்ணறிவைக் கைக்கொள்வதை ஒரேயடியாகக் கண்டிப்பது வசதியற்றோரையும் உடல்நலக் குறைவுள்ளோரையும் ஒதுக்குவதாகும் என்று பொருள்படும் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. எழுத்தாளர் சிலர் மனம் கசந்து அதன் குழுக்களினின்று விலகினர். ஏற்கெனவே வேறு குற்றச்சாட்டுகளாலும் நிதி நெருக்கடியாலும் தளர்ந்திருந்த அவ்வமைப்பு 2025 மார்ச் 31 அன்று தன் மூடலை அறிவித்தது. கண் தெரியாதவருக்கும் கை நடுங்குபவருக்கும் கருவி துணை செய்வதை நாம் குறை சொல்லோம். தஸ்தயேவ்ஸ்கிக்கும் ஒரு சுருக்கெழுத்தாளர் வேண்டியிருந்தார். ஆனால் இயந்திரம் ஒரு நொடியில் 50,000 சொற்களை அடுக்கித் தந்தால், ஒன்பதாம் நாள் எங்கே போகும்? நம் அண்ணனின் மறுமொழியை அது நம்மைவிடச் செம்மையாக எழுதியிருக்கும். நாம் படித்துவிட்டு, நன்று என்று சொல்லி உறங்கியிருப்போம். பிறர் நமக்காகச் செபிக்கலாம். அது திருச்சபையின் நம்பிக்கை. நமக்காக மனம் வருந்த எவராலும் இயலாது.

நம் நாவல் முடியவில்லை. இருபத்து மூன்றாம் நாள் பங்கில் ஓர் இளைஞர் விபத்தில் இறந்தார்; அந்த வாரம் பேனாவைத் தொடும் மனநிலை இல்லை. அதன்பின் திருவருகைக் காலம் வந்தது. 21,000 சொற்களோடு குறிப்பேடு அலமாரிக்குப் போயிற்று. 1273 டிசம்பரில் ஒரு நாள் திருப்பலிக்குப் பின் எழுதுகோலை வைத்துவிட்ட அக்குவினாஸ், தம் இறையியல் பெருநூலை முடிக்காமலே இறந்தார்; அவரோடு நம்மை ஒப்பிடவில்லை, முடியாத குறிப்பேட்டைப் பார்க்கும்போது நினைவுக்கு வருகிறது, அவ்வளவே.

கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் கழித்து ஊருக்குப் போனோம். நன்மை தீமை ஒன்றும் இல்லாமல் நாம் வந்து நின்றதில் மதினிக்கு வியப்பு. மீன் குழம்பு வைத்தார். சாப்பிட்டபின் அண்ணன் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. நாவலைப் பற்றியும் நாம் வாய் திறக்கவில்லை. கிணற்றடியில் நின்று, இப்போதும் இரவில்தான் மின்சாரம் வருகிறதா என்று கேட்டோம். அவர் நம்மை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். "அந்தக் காலம் போயாச்சு சாமி. ஆனாலும் ஒரு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது" என்றார்.